ராணி கவுனின் இடது கை

பல வருடமாக ராயபுரத்தில் ஜாக்கெட்டும், சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுனும் தைக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஆனால் தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டேன்.

எம்.கே.பி. நகரிலிருந்து எதிர் வீட்டுக்குக் குடிவந்த கல்லூரிப் பெண் ஒரு நாள் போனை நீட்டினாள். ஏதோ மாயாஜாலப் படத்தின் போஸ்டர். அதில் பறவை ராணி கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். கவுனின் கை முழங்கை வரை ஒட்டிப் பிடித்து, அங்கிருந்து சிறகாக விரிந்து தரையைத் தொட்டது.

"காலேஜ்ல மாறுவேசப் போட்டிக்கா. கவுன் கீது. கைதான் இந்த மாதிரி வோணும்."

அளவெடுக்க வலது கையை நீட்டினாள். இடது கை எப்போதும்போல துப்பட்டாவுக்குள் இருந்தது. நானும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கைக்குத்தான் அளவெடுப்போம். துணியை இரண்டாக மடித்துப் போட்டால் ஒரே வெட்டில் இரண்டு கையும் வந்துவிடும்.

ஓரம் அலை அலையாக நெளிய என்ன செய்வதென்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் காசிமேட்டில் மீன் பிடிக்கிற தங்கூசி வாங்கி வந்து, அந்த நைலான் நரம்பை மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். ஓரம் தானாகத் துள்ளியது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

போட்டுப் பார்த்தபோது வலது கை கச்சிதம். இடது கையில் விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. துணியைத் தள்ளிப் பார்த்தேன். அவளுடைய இடது கை பிறவியிலேயே குட்டை. விரல்களும் சின்னவை.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?" என்று கத்திவிட்டேன்.

"இப்டியே வுட்டுடுக்கா. மறைஞ்சிகினு இருந்தா நல்லதுதானே."

"எங்க, ரெண்டு கையும் தூக்கு."

தூக்கினாள். வலது சிறகு விரிந்தது. இடது பக்கம் ஈரத் துணி மாதிரி தொங்கியது. முழங்கை மடிப்பு சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் சிறகு விரியும். விரிந்தால் துணி பின்னால் சரிந்து கை வெளியே தெரிந்துவிடும். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்போ நான் போவலக்கா," என்றாள். கண் கலங்கிவிட்டது.

கத்தியதற்கு வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்கவெல்லாம் எனக்கு வராது. கவுனைக் கழற்றி வாங்கி, அதன் இடது கையைத் தோள் தையலிலிருந்து பிரித்தேன். "அளவு குடுத்துட்டுப் போ. போறியா இல்லியான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

ரொம்ப நேரம் கழித்து நீட்டினாள். தோளிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிகமிருந்த இரண்டு விரற்கடையை மேலேயே வெட்டி எடுத்தேன். ஓரத்தைத் தொடவில்லை. நான் அதைத் திரும்பத் தோளோடு பூட்டித் தைக்கும்போது எதிரில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டாள், இடது கையால்.

போட்டியன்று கடைசி வரிசையில் நின்றேன். மேடையில் கைகளைத் தொங்கவிட்டபடியே நடந்தாள். சரி, அவள் இஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நடுவில் வந்ததும் நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். என் கண் முதலில் போனது தையலுக்கு, பிரியவில்லை. பிறகுதான் அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தேன். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பரிசு வேறு யாருக்கோ போனது.

கிறிஸ்துமஸுக்குச் சுடிதார் தைக்க வந்தாள். நான் டேப்பை எடுப்பதற்குள் இடது கையை நீட்டிவிட்டாள்.