பியூர் சயின்ஸில் கணக்கு கிடையாது

"அம்மா, நான் டிரிபிள் பியூர் எடுக்கப் போறேன்" என்று மகள் சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இந்த ஊரில் உயர்நிலை இரண்டு என்றால் எட்டாம் வகுப்பு; அது முடியப் போகிறது, அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பியூர் சயின்ஸா? என் மகளா?

திருச்சிப் பக்கம் பிளஸ் டூ படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பியூர் சயின்ஸ் என்றால் கணக்கு இல்லாத குரூப். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் இருக்கும். கணக்கு மட்டும் இருக்காது. கணக்கோடு சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். அதில் இடம் கிடைத்தவர்கள் நடந்த நடையே வேறு. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்த தலைமையாசிரியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தில் பியூர் சயின்ஸ் என்று எழுதினார். "உனக்கு இது போதும்மா" என்றார். எனக்கு இன்ஜினியரிங் ஆசை இருந்தது. அந்தப் 'போதும்' இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நான் ஒரு சந்தேகப் பிராணி, அதை ஒத்துக்கொள்கிறேன். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு குப்பியிலும் பெயரையும் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் என்று கணவர் கேலி செய்வார். மகளின் பையில் நாலாக மடித்து ஒளித்திருந்த கணக்குத் தேர்வுத்தாளை முந்தைய வாரமே பார்த்திருந்தேன். நூற்றுக்கு அறுபத்தொன்று. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள்!

"ஏன் பியூர்?" என்று மட்டும் கேட்டேன்.

"பிடிச்சிருக்கும்மா. ரொம்ப டஃப்தான். ஆனா பண்ணிடுவேன் லா."

கணக்கு இல்லாத படிப்பில் என்ன டஃப்? நன்றாகப் பசப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தேர்வுத்தாளைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவாள் என்று விட்டுவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று கணவருக்குக் கப்பல் பட்டறையில் ஷிஃப்ட். நான் மட்டும் போனேன். வகுப்பாசிரியை ஒரு சீனப் பெண், சின்ன வயது. "பியூர் ரொம்பக் கடினமானது, பாடங்களைச் சேர்த்துச் சுருக்கிய கம்பைண்ட் சயின்ஸும் நல்ல வழிதான், வீட்டில் பேசி முடிவெடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார். எனக்குச் சுரீரென்றது. கணக்கு இல்லாததே கடினம் என்றால் இந்த அம்மாள் என் பெண்ணை என்னவென்று நினைத்திருக்கிறார்? ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

விண்ணப்பப் படிவம் வந்தது. மகள் பென்சிலில் வரிசை எண் போட்டிருந்தாள். நான் அதன்மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வரியில் மூன்று பியூர் சயின்ஸ் பாடங்கள். பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. இரண்டாம் வரியில் கம்பைண்ட் சயின்ஸும் கூடுதல் கணிதமும். கணிதம் என்ற சொல்லே இரண்டாம் வரியில்தான் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? நட்சத்திரத்துக்கான விளக்கம் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. குப்பியை இரண்டு தடவை பார்க்கிறவள், தாளை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பென்சிலை அழித்தேன். கம்பைண்டுக்கு ஒன்று, பியூருக்கு இரண்டு என்று பேனாவால் எழுதினேன். உறைக்குள் போட்டு ஒட்டினேன்.

"நானே ஸ்கூல் ஆபீஸ்ல குடுத்துடறேன். எனக்குப் போற வழிதானே" என்றேன். வழியே அல்ல. இரண்டு பேருந்து மாற வேண்டும்.

முடிவு வந்த அன்று மகள் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"கம்பைண்ட்தான் கிடைச்சிருக்கு. என் மார்க்குக்குப் பியூர் கிடைச்சிருக்கணும். டீச்சரைக் கேட்டேன். ஃபர்ஸ்ட் சாய்ஸே நான் கம்பைண்ட்தான் போட்டிருக்கேனாம்."

"நான்தான் மாத்தினேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "கணக்கு இல்லாத படிப்பு உனக்கு வேண்டாம். நான் பட்டது போதும்."

"கணக்கு இல்லாத பியூரா? எந்த ஊர்லம்மா?" அவள் குரல் உடைந்தது. "ஏ மேத்ஸ் எடுக்காம டிரிபிள் பியூரே பண்ண முடியாது. கம்பல்சரி. ஃபார்ம் பின்பக்கத்துலயே போட்டிருக்கு. அதனாலதான் டஃப்னு சொன்னேன்."

ஏ மேத்ஸ் என்றால் அந்தக் கூடுதல் கணிதம்தான். "அப்ப அந்த அறுபத்தொண்ணு? ஒளிச்சு வெச்சியே?"

"அந்த டெஸ்ட்ல கிளாஸ் ஹையஸ்ட்டே அறுபத்தெட்டு. சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்று, என் தலைமையாசிரியையை இத்தனை ஆண்டுகளாகத் திட்டியதை நினைத்துக் கூசிப்போனேன்.

மறுநாள் விடுப்பெடுத்துப் பள்ளிக்குப் போனேன். மேல்முறையீட்டுப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில், தவறு என்னுடையது, மகளுக்குத் தெரியாமல் வரிசையை மாற்றினேன் என்று எழுதினேன். ஆசிரியை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. வகுப்பு நிறைந்துவிட்டது, யாராவது விலகினால்தான் இடம் என்றார். ஆண்டிறுதி விடுமுறை முழுக்க மகள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். வேலை முடிந்து ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் பெருமாள் கோயில் வாசலில் நின்று கும்பிட்டேன். யாரோ பெற்ற பிள்ளை விலக வேண்டும் என்று வேண்டுவது பாவமில்லையா என்றும் பயமாக இருந்தது. வேண்டுவதை நிறுத்தவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு மாணவன் வேறு பள்ளிக்கு மாறினான். இடம் கிடைத்தது. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஆய்வுக்கூடப் பாதுகாப்புப் படிவம் ஒன்றைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். எல்லாக் கட்டங்களையும் அவளே பேனாவால் நிரப்பியிருந்தாள். பின்பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை வாங்கி, மேசைமேல் நேராக வைத்து, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்குடி படம்?"

"சும்மாம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

என்னை நம்பலையா என்று கேட்க வாயெடுத்தேன். பதில் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.