வரிசையில் நின்று தேர்ந்த களி

பால்மா கிடைக்காமல், ஒரு பைக்கற்றுக்காக ஊரெல்லாம் வரிசையில் நின்ற மாதங்களில்தான் எனக்கு மூன்று மூட்டை வெள்ளைத் தூள் லொறியில் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன விறகுச் சூளை கட்டி, தேநீர்க் கோப்பைகள் செய்து விற்கிறேன். என் கணவரின் அக்கா, என் மச்சாள், எனக்குத் துணை. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கும். சுட்டெடுக்கும்போது கோப்பை அழகாகத்தான் இருக்கும். இரண்டு கிழமை கழித்து, ஈரக்காற்றுப் பட்டதும், சுண்ணாம்பு ஊதிச் சில்லுத் தெறிக்கும். ஒருமுறை மானிப்பாயிலிருந்து ஓர் ஆசிரியை கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கேக்கை உங்கடை கோப்பை எனக்குக் கல்லெறியுது" என்றார். சில்லு அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டிருந்தது.

அதோடு செம்மண்ணைக் கைவிட்டு வெண்களிக்கு மாறினேன். வெண்களி சுத்தமானது, ஆனால் பிடிப்பு இல்லை. தேநீரில் ஊறிய பிஸ்கற்றைப் பிசைவதுபோல உதிரும். அதற்குப் பிடிப்புக் கொடுக்கத்தான் போல் கிளே என்ற இன்னொரு களியைச் சேர்ப்பார்கள். மாவைவிட நுண்ணியது, இழுத்தால் வளையும். குறைத்துப் போட்டால் கோப்பை உதிரும், கூட்டிப் போட்டால் காயும்போது வெடிக்கும். இடத்துக்கு இடம் அதன் குணமும் மாறும். எனவே தெற்கிலுள்ள ஒரு வியாபாரியிடம் மூன்று இடத்துக் களிகளை மாதிரிக்கு அனுப்பச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் பஸ்ஸிலிருந்து இறங்குகிற அளவுக்குத்தான். கைத்தொலைபேசி மொழிபெயர்க்க, இருவரும் கதைத்துக்கொண்டோம்.

நல்ல மனுசன். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று மூட்டைகளில் தமிழிலேயே எழுதி அனுப்பியிருந்தார். பந்துக்கான ஆங்கிலச் சொல்லை நாங்கள் போல் என்போம்; அவருடைய தொலைபேசி அதை இந்தியத் தமிழில் பால் என்று எழுதிக் கொடுத்திருந்தது போலும். மூட்டைகளில் கொட்டை எழுத்தில் இருந்தது: பால் 1. பால் 2. பால் 3.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் லொறியிலிருந்து இறக்கி ஓட்டோவில் ஏற்றும்போதே சாரதி வாசித்துவிட்டார்.

"அக்கா, உது முழுக்கப் பாலோ?"

"இல்லை அண்ணை, களி."

"ஓமோம், களிதான்" என்று கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

சாரதி போன வழியெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், நான் முதலாவது மூட்டையை அவிழ்த்து முடிப்பதற்குள் படலை வாசலில் பதினொரு பேர். எல்லாருடைய கையிலும் வெறும் தகரப் பேணி. வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஓவசியர் ஐயா, ஒழுங்கில்லாமல் ஒன்றும் நடக்கக்கூடாது என்பவர், ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு வந்தவர்களின் உள்ளங்கையில் பேனையால் இலக்கம் எழுதத் தொடங்கியிருந்தார். தன் கையில் ஒன்றாம் இலக்கத்தை ஏற்கெனவே எழுதிவிட்டார்.

"ஐயா, இது கோப்பை செய்யிற களி" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "விளங்குது பிள்ளை. வெளியிலை அப்பிடித்தான் சொல்லவேணும்."

அப்போது நான் ஒரு பிழை விட்டேன். கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைப் போட்டுக் கலக்கிக் காட்டினேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்னால் நின்ற பெண் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"கொழுப்பு எடுத்த பால்" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். "பரவாயில்லை."

வரிசை இருபத்தாறு பேராக நீண்டபோது விதானையார் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் பகுதிக் கிராம சேவையாளர், என்னைவிட இளையவர், எப்போதும் கடதாசிக் கோவையோடு திரிபவர்.

"அக்கா, நீங்கள் பால்மா பதுக்கி வைச்சிருக்கிறியள் எண்டு முறைப்பாடு வந்திருக்கு."

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. முதலாம் மூட்டையில் ஒரு கை அள்ளி, வெண்களியோடு சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். கயிறுபோல உருட்டி என் விரலில் சுற்றினேன். வளைவில் வெடிப்பு விட்டது, ஆனால் களிதான் என்பதில் சந்தேகமில்லை.

விதானையார் யோசித்தார். "முதலாவது களி. சரி. மற்ற ரெண்டும் பாலாய் இருக்கலாம்தானே?"

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிசைந்தேன். "அவ பழக்கமான கை, எதையும் உருட்டுவா" என்று யாரோ சொன்னார். "எங்களிட்டைத் தாங்கோ. நாங்களே பாக்கிறம்." ஓவசியர் ஐயா உடனே எழுந்தார். இலக்கப்படி ஆளுக்கு மூன்று உருண்டை, முண்டியடிக்கக்கூடாது என்று அறிவித்தார்.

இருபத்தாறு பேரும் முற்றத்தில் குந்தியிருந்து களி உருட்டியதை நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மச்சாள் வாளியில் தண்ணீர் கொண்டு ஓடினாள். முதலாவது உடைகிறது என்றார்கள். மூன்றாவது கையை விடமாட்டேன் என்றது. ஒருவர் உடுத்திருந்த சாரம் முழுக்க அப்பிக்கொண்டது. இரண்டாவதைத்தான் விரலில் சுற்றிச் சுற்றி ஒருவருக்கொருவர் காட்டினார்கள். முறுக்குச் சுட்டு விற்கிற அக்கா ஒருவர் மூன்றாவதை அமத்திப் பார்த்து, "இது கனக்கத் தண்ணி குடிக்கும். காயேக்கை வெடிக்கும்" என்றார். விதானையாரும் கோவையை மடியில் வைத்துவிட்டு மூன்று வளையம் செய்தார். பிறகு கையைக் கழுவி, என் முன்னாலேயே எழுதினார்: "பொருள் களிமண். மூன்றில் இரண்டாவது சிறந்தது என்பது பொதுமக்கள் கருத்து."

அதற்குப் பிறகுதான் பேணிகள் வெறுமையாக இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. மச்சாள் எல்லாருக்கும் வெறுந்தேத்தண்ணி ஊற்றினாள். கைக்குழந்தையோடு வந்த பெண்ணைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, எங்களிடம் மிஞ்சியிருந்த அரைப் பைக்கற் பால்மாவை அவளுடைய பேணிக்குள் தட்டிவிட்டாள். ஓவசியர் ஐயா அதைக் கண்டார். இலக்கம் தப்பிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

விதானையாருடையதைத் தவிர்த்து, முற்றத்தில் எழுபத்தெட்டு வளையங்கள் கிடந்தன. தடித்த கை, மெலிந்த கை, அவசரக் கை எல்லாம் செய்தவை. தனியாக நான் எத்தனை நாள் இருந்தாலும் இப்படி ஒரு சோதனை செய்திருக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஆளின் இலக்கத்தையும் களியின் இலக்கத்தையும் கீறி, நிழலில் உலர்த்தி, ஒரு கிழமை கழித்துச் சூளையில் அடுக்கினேன். எவ்வளவு சுருங்கும் என்று அளக்க, என் பங்குக்குப் பத்துச் சென்ரிமீற்றர் கோடு கீறிய களிப் பட்டிகளையும் வைத்தேன்.

சூளை திறந்த காலையில், சொல்லாமலே பன்னிரண்டு பேர் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள்போல வந்து நின்றார்கள். மூன்றாவது களி பெரும்பாலும் வெடித்திருந்தது. பட்டியில் என் பத்துச் சென்ரிமீற்றர் ஒன்பதிலும் குறைந்திருந்தது. முதலாவது பளிச்சென்ற வெள்ளை, ஆனால் வளைவெல்லாம் கீறல். இரண்டாவது முழுசாக நின்றது. நிறம்தான் பழைய வேட்டிபோல. இரண்டாவதில் இரண்டு பங்கு, முதலாவதில் ஒரு பங்கு என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அந்த இரண்டாவது களியில் ஓவசியர் ஐயாவின் வளையம் மட்டும் இரண்டு துண்டாகக் கிடந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ரை இல்லை" என்றார். "நான் உருட்டினது வெடிக்காது. இலக்கம் மாறிப்போச்சு, பிள்ளை. வடிவாப் பார்."

நான் ஓம் என்று சொல்லி, வெடிக்காத ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.