என்னைவிடப் பயந்த வக்கீல்

அன்று மில்லில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் கணவரின் தங்கை, மிளகாய் அரைக்க வந்த இரண்டு பெண்கள், மெட்ராஸிலிருந்து காரில் வந்து இறங்கிய எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் மூத்த மகன். அவர் மனைவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த அம்மா மிளகாய் நெடிக்குப் பயந்து காரை விட்டு இறங்கவே இல்லை.

"வீட்டை விக்கறதா... அச்சூ... முடிவு பண்ணிட்டோம்மா. அப்பாவும் போயிட்டார். தம்பி அமெரிக்காவுல. எனக்கு பேங்க் வேலை, மெட்ராஸை விட்டு... அச்சூ... வர முடியாது. பதினோரு வருஷமா வாடகை தவறாமக் குடுத்திருக்கீங்க, அதனால உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். கும்பகோணத்துல ஒரு ஓட்டல்காரரும் கேட்டுக்கிட்டிருக்கார்."

மோட்டாரை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நாத்தனார்தான் ஓடிப்போய் நிறுத்தினாள்.

திருவிடைமருதூரில் அந்த வீட்டின் முன்பகுதியில் எங்கள் மாவு மில். பின்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் ஷார்ஜாவில் கொத்தனார். அவர் வெயிலில் நின்று அனுப்பிய பணம் அத்தனையும் சேர்ந்தால் அந்த வீட்டை வாங்கலாம்; அதற்குமேல் ஒரு ரூபாய் மிஞ்சாது. வாங்காவிட்டால் மில் போய்விடும். பத்திரத்தில் ஏதாவது கோளாறு இருந்து வாங்கிவிட்டால் மில்லும் போகும், பணமும் போகும்.

நானோ பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று கண்ணாடியில் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு போகிறவள். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. பேப்பர் படிப்பேன், மாதாவுக்கு ஜெபப்புத்தகம் படிப்பேன். ஆனால் பத்திரத்தில் இருக்கும் தமிழ் வேறு. ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கம் தாண்டியும் முற்றுப்புள்ளி வராது.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குக் கணவர் போன் செய்தார். "உன் பேர்லயே வாங்கிடு. நல்ல வக்கீலாப் பாரு, பீஸைப் பாக்காதே" என்றார். நல்ல வக்கீல் எப்படி இருப்பார் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

டாக்டரைத் தேடும்போது செய்வதையே செய்தேன். கும்பகோணத்துக்குப் போய், எந்த வக்கீல் வாசலில் கூட்டம் அதிகமோ அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் தலையில் கட்டுப் போட்ட ஒருவர் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார். "உங்களுக்கு எங்க நடந்தது?" என்று கேட்டார். "வீட்டுலதாங்க" என்றேன். "கவலைப்படாதீங்கக்கா, பொம்பளைங்களுக்கு ஜாமீன் சீக்கிரம் கெடைச்சுடும்" என்றார்.

எனக்குப் புரிவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வக்கீல் நிமிராமலே கேட்டார், "எத்தனை பேருக்குக் காயம்?"

"இன்னும் யாருக்கும் இல்ல சார்."

நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "அடிதடின்னா வாங்க, வீடுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அனுப்பிவைத்தார். நல்ல மனிதர். வாசலில் கட்டுப் போட்டவரும் எழுந்து நின்று வழியனுப்பினார்.

இரண்டாவது வக்கீலின் அறையில் ஏ.சி. இருந்தது. கண்ணாடி அலமாரியில் தடிதடியான புத்தகங்கள். வீட்டுக்கார மகன் கொடுத்துவிட்டுப் போயிருந்த பத்திரக்கட்டை மேஜைமேல் வைத்தேன். அதன்மேல் கையை வைத்துக்கொண்டே அவர், "கவலையே படாதீங்கம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று தடவை சொன்னார். நானும் நாத்தனாரும் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அண்ணி, கவலைப்படாதீங்கன்னு ஒருத்தர் சொன்னா அதுக்குமா கவலைப்படுவாங்க?"

"கட்டோட நூலைக்கூட அவர் அவுக்கலடி. உள்ள பழைய பஞ்சாங்கம் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்."

"உங்களுக்கு வக்கீல் கெடைக்க மாட்டார். உங்களுக்குன்னு தனியா ஒருத்தரைச் செஞ்சாத்தான் உண்டு."

மூன்றாவது வக்கீலை யாரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. மல்லி அரைக்க வந்த ஒரு பெண் என் தேடலைக் கேட்டுவிட்டு எச்சரித்தாள். "யார்கிட்ட வேணும்னாலும் போங்கக்கா. கோர்ட்டுப் பக்கத்துச் சந்துல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. எங்க கொழுந்தன் ஒரு மனை வாங்கறேன்னு போனாரு. இது இடிக்குது, அது இடிக்குதுன்னு கடைசி வரைக்கும் வாங்கவே விடல. பயந்தாங்கொள்ளி!"

நான் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அண்ணி, மல்லி பாதியில நிக்குது!"

"நீ அரைச்சுக் குடு."

அந்த வக்கீலின் அறையில் ஃபேன் இருந்தது, ஆனால் ஓடவில்லை. காகிதம் பறந்துவிடுமாம். வேர்த்து வடிந்துகொண்டிருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே கட்டை வாங்கி நூலை அவிழ்த்துவிட்டார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போய், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு மெதுவாக, "ஐயையோ" என்றார்.

எத்தனையோ நாளாக என் மனதில் கிடந்த பாரம் அந்த நிமிஷம் இறங்கியது.

"என்ன சார்?"

"கிழக்கால பொதுச்சந்துன்னு போட்டிருக்கு. சந்து இருக்கா இப்ப?"

"இருக்கு சார்."

"அகலம்?"

"சைக்கிள் போகும்."

"மாடு?"

"போகும் சார். ஒல்லியா இருந்தா."

அதையும் எழுதிக்கொண்டார். "மில்லு சத்தத்துக்கு அக்கம்பக்கத்துல யாராவது புகார் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இவ்வளவு நாள் கவலைப்பட்டும் அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே வந்து சந்தின் அகலத்தையும் சுவரையும் அளந்தார். நாங்கள் கொடுத்த மோரைக் குடிப்பதற்குமுன் அதில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்தார். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். எனக்காகக் கவலைப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். நான் எதற்கு?

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். "பெரியவர் உயில் எழுதாமப் போயிருக்கார். விக்கறவங்கன்னு ரெண்டு மகன்கள் பேர்தான் இருக்கு. அவருக்குப் பொண்ணு உண்டா?"

எங்களுக்குத் தெரியவில்லை. மெட்ராஸிலிருக்கும் மூத்த மகனிடம் கேட்க வேண்டும். நானும் நாத்தனாரும் வக்கீலும் பூத்துக்குப் போனோம். "நீங்களே பேசுங்க சார்" என்றேன். "இல்லம்மா, நீங்க பேசினாத்தான் மரியாதை" என்றார். நாங்கள் இரண்டு பேரும் போனை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளுவதைப் பார்த்துவிட்டு நாத்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டாள். எதிர்முனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"தங்கச்சி இருக்கா. நாக்பூர்ல. கல்யாணத்துக்கு நகை, பாத்திரம்னு எல்லாம் செஞ்சு அனுப்பியாச்சே, இப்ப அவ கையெழுத்து எதுக்கு?"

"செஞ்சது நகை. இது வீடு" என்று வக்கீல் என் காதில் முணுமுணுத்தார். "மகளுக்கும் பங்கு உண்டு. அவங்க கையெழுத்து இல்லாம வாங்கினா நாளைக்கு வந்து கேப்பாங்க."

நாத்தனார் பக்குவமாகத்தான் சொன்னாள். இருந்தாலும் அவர் குரல் உயர்ந்துவிட்டது. "பதினோரு வருஷப் பழக்கம். எங்களையே சந்தேகப்படறீங்களா? ஓட்டல்காரர் இதெல்லாம் கேக்கல!"

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டு என்பதே அவருடைய குணத்தைக் கேட்பது மாதிரிதான். இதற்குப் பயந்தே எத்தனையோ பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார்கள். அப்போது வக்கீல் தன் மார்பைத் தட்டித் தட்டிக் காட்டினார். "என் மேல போடும்மா, என் மேல போடு! அதுக்குத்தானே வக்கீல்."

நாத்தனாருக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஐயோ, எங்களுக்கு என்ன சார் சந்தேகம்! நீங்க சொன்னாப் போதும். இந்த வக்கீலுதான் ஒரு மாதிரி. காத்துக்குப் பயந்து ஃபேன்கூடப் போட மாட்டாரு. மோரைக் குடுத்தா உத்து உத்துப் பாக்கறாரு. அவர் மனசு ஆறட்டும்னுதான் கேக்கறோம்."

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. "இப்படி ஒருத்தரை எங்கேருந்து புடிச்சீங்க? சரி சரி, நாக்பூர் நம்பர் தர்றேன். நீங்களே கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வச்சிடுவா."

வெளியே வந்ததும் வக்கீல், "கோவிச்சுக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாக்பூர் அம்மா ரயிலேறி வந்தார்கள். உருண்டையான உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். பதிவு ஆபீஸ் வாசலில் அண்ணனைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஏண்டா, மூணாப் பிரிக்கத் தெரியாதா உனக்கு? கணக்குல எப்பவுமே மக்கு." அவர் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "அப்பா திட்டற மாதிரியே இருக்குடி" என்றார். பங்கு மூன்றானது. எங்களுக்கு விலை மாறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் வக்கீலுக்குச் சமாதானம் இல்லை. அமெரிக்கத் தம்பி, தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். வக்கீல் அண்ணனிடம், "தம்பி நல்லாயிருக்காரா? இன்னிக்குப் பேசினீங்களா?" என்று கேட்டார்.

"ஏன் சார்?"

"பவர் குடுத்தவர் உயிரோட இருந்தாத்தான் பவர் செல்லும்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன சார் பேச்சு இது!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தங்கைக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "வாடா, கேட்டுடலாம். பேசி எத்தனை வருஷமாச்சு" என்று அண்ணனை எதிர் பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் அப்போது நடுராத்திரி. தம்பி தூக்கத்தில் எடுத்து, தான் உயிரோடு இருப்பதாக இரண்டு பேரிடமும் உறுதி சொன்னார். மீட்டர் ஓட ஓட ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் போனைப் பிடுங்கிப் பேசினார்கள். பூத்துக்காரர் பில்லை நீட்டியபோது மெட்ராஸ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

மாலையில் பத்திரத்தில் என் பெயர் ஏறியது. வெள்ளிக்கிழமை கணவரிடம் சொன்னேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "வக்கீல் எப்படி?" என்று கேட்டார். "என்னைவிட மோசம்" என்றேன். "அப்ப சரி" என்றார்.

பீஸ் மூவாயிரம் என்று பேச்சு. இரண்டாயிரத்து இருநூறு கொடுத்தாயிற்று. மீதியை, பட்டா மாறட்டும் என்றார். பட்டா மாறியது, எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு வரி ரசீதில் பெயர் மாறட்டும் என்றார். மாறியது. கரண்ட் இணைப்பு? அதுவும் மாறியது. போன மாதம் மறுபடி போனேன். பக்கத்துக் கொல்லைத் தென்னை எங்கள் சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். ஆக, அவருக்கு நான் இன்னும் தரவேண்டியது எண்ணூறு ரூபாய்.