கூடத்துக் கேமராவில் ரஞ்சிதம் அக்கா

ஈசூன் அடுக்குமாடியில் அந்த நாலறை வீட்டை விற்றுத் தருவதாக ஸ்ரீநாத் போட்ட மூன்று மாத ஒப்பந்தம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. முகவராகி ஓராண்டாகியும் அவன் ஒரு வீட்டைக்கூட விற்றதில்லை. இதுவும் கைநழுவினால், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரியும் அப்பாவிடம் என்னத்தைச் சொல்வது?

வீட்டில் பெரிய குறை இல்லை. தலைவலியெல்லாம் கூடத்து அலமாரிமேல் இருந்த கேமராதான். வீட்டுக்காரர் ரஞ்சிதம் தன் பூனையைக் கவனிக்க வைத்தது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் வேலையில் நின்றபடியே கைப்பேசியில் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்காமல், வீடு பார்க்க வருகிறவர்களிடம் அதன் வழியே பேச்சும் கொடுப்பார். இரண்டு குடும்பங்கள் அந்தக் குரலுக்கே மிரண்டு போய்விட்டன.

"இன்னிக்கு மட்டும் பேசாதீங்கக்கா, ப்ளீஸ்," என்று சனிக்கிழமை காலையில் கெஞ்சியிருந்தான்.

"வாயே திறக்க மாட்டேன் தம்பி."

மாலையில் ஷாஹித்தும் மனைவி ரஷீதாவும் வந்தார்கள். ரஷீதா சன்னலோரம் நின்று, "மத்தியானம் வெயில் உள்ள வருமா?" என்று கேட்டார்.

"நல்ல காத்தோட்டம் மேடம்," என்றான் ஸ்ரீநாத்.

"மூணு மணிக்கு மேல அடுப்புதான் லா!" என்றது அலமாரி. "திரை போட்டாத்தான் உக்கார முடியும்."

ரஷீதா துள்ளி விலகினார். ஷாஹித் சிரித்துவிட்டார். "யாருங்க அது?"

"ஓனர் சார்." ஸ்ரீநாத் பல்லைக் கடித்தான். "அக்கா, பேச மாட்டேன்னு சொன்னீங்களே!"

"நீங்க பொய் சொல்லாம இருந்தா நான் ஏன் பேசப்போறேன்?"

பொய்யா அது? வெயில் வராது என்று அவன் சொல்லவே இல்லையே. பயிற்சி வகுப்பில் இதற்கு நல்லதாக வேறு பெயர் சொன்னார்கள். அது இப்போது நினைவுக்கு வந்து தொலையவில்லை.

ரஷீதா கேமரா பக்கமே திரும்பிவிட்டார். "மேல் வீடு எப்படிக்கா?"

"ராத்திரி நாற்காலி இழுப்பாங்க. போய்ச் சொன்னா நிறுத்திடுவாங்க."

"பாத்ரூம் ஒழுகுமா?"

"ஒழுகிச்சு. போன வருஷம் சரி பண்ணியாச்சு."

ஸ்ரீநாத் இரண்டு முறை பேச வாயெடுத்தான். இரண்டு முறையும் ஷாஹித், "இருங்க தம்பி," என்று கையமர்த்தினார்.

கிளம்பும்போது, "பிடிச்சிருக்கு. நாளைக்கு உம்மாவக் கூட்டிட்டு வர்றோம்," என்றார்.

ஸ்ரீநாத்துக்கு மூச்சு வந்தது. "வாங்க சார்! நான் எல்லா விவரமும் எடுத்து வைக்கிறேன்."

"அதெல்லாம் அக்கா சொல்லிடுவாங்க," என்றார் ஷாஹித், செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்க வந்து கதவைத் திறந்துவிட்டாப் போதும்."