கரும்புக்காட்டில் ஓர் அறிவிப்பு

போன வாரம் எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு மறுநாளே எழுந்து உட்கார்ந்து, காபி சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பாடா என்றிருக்கிறது எனக்கு.

ஆனால் அதற்கு முன்னால் மனுஷர் பட்ட பாடு... டாக்டர் 'ஆபரேஷன்' என்று சொன்னதுமே முகம் வெளுத்துவிட்டது. வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். கத்தியைக் காட்டவே வேண்டாம் — அந்த வார்த்தை ஒன்று போதும்.

அதே வார்த்தையை மைக்கில் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தெரியுமா?

எழுபதுகளின் நடுவில் மாநில அரசு ஆபீஸ் ஒன்றில் நான் மக்கள் தொடர்புப் பணியாளர். பெயர்தான் பெரிசு. ஜீப்பில் ஊர் ஊராகப் போய், அரசாங்கம் சொல்வதை ஜனங்களிடம் சொல்ல வேண்டும். ஜனங்கள் சொல்வதை ஆபீஸில் வந்து சொல்ல வேண்டும். இரண்டாவதை யார் கேட்டார்கள்? ஜீப் தலையில் ஒரு புனல் ஸ்பீக்கர். ஓட்டுவது வரதராஜன்பேட்டை சவரிமுத்து. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் என் முகம் தெரியாதவர்களுக்கும் என் தொண்டை தெரியும்.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் மும்முரமாக இருந்த சமயம் அது. ஜீப்பில் வந்து ஆம்பளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று ஒரு வதந்தி. எங்கே நடந்தது என்று கேட்டால், பக்கத்து ஊரில் என்பார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் இந்த ஊரைச் சொல்வார்கள்.

நான் போனதோ கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு ஆள் சேர்க்க. எறையூர்ப் பக்கம் சுற்றிலும் கரும்பு வயலாக ஒரு ஊர். ஜீப் உள்ளே நுழைகிறது — ஏரில் பூட்டிய மாடுகள் நிற்கின்றன, ஓட்டியவரைக் காணோம். டீக்கடை பெஞ்சில் பாதி குடித்த டீ ஆறிக்கொண்டிருக்கிறது. ஊரில் மருந்துக்கு ஒரு மீசை இல்லை.

"ஆம்பளைங்கல்லாம் எங்கங்க?" என்றேன், குடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம்.

"சமயபுரம் போயிருக்காங்க."

"மொத்த ஊருமா?"

"வேண்டுதலுங்க."

அவள் முதுகுக்குப் பின்னால் கரும்புத் தோகை அசைகிறது. காற்றோ துளிகூட இல்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை எடுத்தேன். அப்போதுதான் நாலைந்து பெண்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கட்டிலில் அஞ்சலை என்று ஒரு நிறைமாதக்காரி. முந்தின நாளே வலி எடுத்துவிட்டதாம்.

"புள்ள குறுக்கால கெடக்குங்க," என்றாள் கூட வந்த மருத்துவச்சி. "இனிமே எங் கையில ஒண்ணுமில்ல. கிழிச்சுத்தான் எடுக்கணும். பெரம்பலூருக்குக் கொண்டுபோயிடுங்க."

சவரிமுத்து ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்தார். மாமியார்க்காரி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"எம் மவன் கலியபெருமாளு வந்து சரின்னு சொல்லட்டும். இந்த ஜீப்புல நா ஏத்தி அனுப்பமாட்டேன்."

"ஒங்க மவன் எங்கம்மா?"

அவள் கரும்பைப் பார்த்தாள். சமயபுரம் என்று சொல்லவில்லை.

மைக்தான் கையில் இருக்கிறதே, அப்புறம் என்ன? ஆபீஸ் தமிழில் ஆரம்பித்தேன். "கலியபெருமாள் அவர்களின் கவனத்திற்கு. அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியிருப்பதால், உடனே ஜீப்புக்கு அருகில் வரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கரும்பு சலசலத்தது. எங்கள் பக்கமாக இல்லை... ஓடைப் பக்கமாக.

சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இப்புடிச் சொல்லிப்புட்டீங்க?"

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. ஆபரேஷன் உங்களுக்கு இல்லை, உங்கள் மனைவிக்கு என்று திருத்தினேன். பயப்பட வேண்டாம் என்று கெஞ்சினேன். சலசலப்பு இன்னும் தூரமாகப் போயிற்று. பயப்பட வேண்டாம் என்று அரசாங்கமே மைக் வைத்துச் சொன்னால், யார்தான் பயப்படமாட்டார்கள்?

கட்டிலில் முனகல் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு பாழாய்ப்போன வார்த்தையால் இரண்டு உயிர் போய்விடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அஞ்சலை எக்கி என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

அந்த ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வது கிடையாது. கூப்பிட வேண்டுமா, 'இந்தாங்க' — அவ்வளவுதான்.

"கலியபெருமாளு... டேய் கலியபெருமாளு! வந்து தொலைடா!"

ஸ்பீக்கர் அதை ஊர்க்கோடி வரைக்கும் கொண்டுபோயிற்று. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவரிமுத்து வானத்தைப் பார்த்தார்.

கரும்பை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் ஓடி வந்தான், தோகை கிழித்த கீறல்களோடு. அவன் பின்னாலேயே சமயபுரம் போன அத்தனை பேரும் வந்தார்கள். எவள் இப்படிக் கூப்பிட்டாள் என்று பார்க்க வேண்டாமா? கலியபெருமாள் கட்டிலைப் பார்த்தான். அவளை அப்படியே தூக்கி ஜீப்பில் கிடத்தித் தானும் ஏறிக்கொண்டான்.

பெரம்பலூர் போகும் வரை சவரிமுத்து பிரேக்கையே தொடவில்லை என்று நினைக்கிறேன்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொண்ணு," என்று டாக்டர் வந்து சொன்னபோது, கலியபெருமாள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும்தான் அழுதேன். அன்றைக்கு என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் மைக்கில் சொன்னதே இல்லை.

மறுநாள் வார்டுக்குப் பார்க்கப் போனேன். அஞ்சலை தெளிவாக இருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கியது. நர்ஸ் பேனாவோடு நின்று, "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலை போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"போங்க சிஸ்டர்... அதெல்லாம் நாங்க வாயால சொல்லமாட்டோம்."