பன்னிரண்டாவது வரி

மருத்துவ நுழைவுத் தேர்வு வகுப்புக்குள் புகுந்து நான் வாத்தியாரோடு சண்டை பிடித்ததாகக் காலையிலிருந்து இந்த முகநூல் பக்கத்தில் சொல்லித் திரிகிறீர்கள். பிழை. சண்டை பிடித்தது ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழ்க்கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில்.

என் மேல்மாடியில் இருக்கும் அபிராவுக்கு அந்த வாத்தியார்தான் தேர்வின் வாசிப்புப் பகுதியைப் படிப்பிக்கிறார். போன சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அவளுடைய தாயிடம், "பிள்ளைக்கு வாசிச்சு விளங்க ஏலாது. மருத்துவத்தை விட்டுட்டு ஒரு அவுஸ்பில்டுங் பாருங்கோ" என்றாராம், ஏதாவது தொழிற்பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி. அன்றே அபிரா விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டாள்.

அவள் பிழை விட்டதாக அவர் சொன்ன பயிற்சித்தாளை நான் ஜேர்மன் அகராதியோடு இருந்து வாசித்தேன். இரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கும் என்கிறது பன்னிரண்டாவது வரி. அபிரா தெரிவு செய்ததும் அதுதான். வாத்தியாரின் விடைத்தாளிலோ, வெளியேற்றும் என்று இருக்கிறது.

நேற்று கடையில் அவரைக் கண்டதும் தாளை நீட்டினேன்.

"அன்ரி, விடைத்தாளில அப்பிடித்தான் கிடக்கு."

"பந்தியில எங்க கிடக்கு, தம்பி?"

"ஒவ்வொரு பந்தியையும் இருந்து வாசிக்க எனக்கு நேரமில்லை. இது உங்கட கொன்வென்ற் காலத்துச் சோதினையும் இல்லை."

"ஓம். எங்கட சிஸ்ரர்மார் பாடத்தை வாசிச்சுப்போட்டுத்தான் படிப்பிக்க வருவினம்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். வாத்தியார் எடுத்த முருங்கைக்காயைப் போட்டுவிட்டுப் போனார்.

விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வாசிக்காதவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அபிராவுக்குத்தான் இன்னும் இருக்கிறது.

வாத்தியார் இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர். தம்பி, உங்கள் விடை பந்தியின் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கீழே எழுத்தில் பதில் தரவும்.