வெறுவயிற்றுக் குளிசை

நான் சோம்பேறி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோய் வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது அந்தப் பட்டம்தான்.

கல்யாணம் முடித்துச் சண்டிலிப்பாய்க்கு வந்து மூன்றாம் வருடம். கிணற்றடியில் தலைமுழுகினால் கைநிறைய மயிர் வந்தது. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது. வெங்காயத் தறையில் களை பிடுங்கக் குனிந்தால் நிமிர முடியவில்லை. "பொம்பிளையளுக்கு உது வாறதுதான்" என்று முதலில் பார்த்த டொக்டர் சத்துக் குளிசை எழுதித் தந்தார். என் கழுத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருடமே இரண்டு மாதக் கரு கலைந்தது. அதற்கும் நான் ஓடியாடி வேலை செய்யாததுதான் காரணமாம்!

பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் காவலே தன் உறுப்பைப் பகையென்று தாக்குவது). என் தைரொயிட் (உடம்பின் வேகத்தைக் கவனிக்கும் கழுத்துச் சுரப்பி) செயலிழந்துகொண்டிருந்தது. தைரொக்சின் குளிசை (அந்தச் சுரப்பி தராததை ஈடுசெய்வது) ஆயுள் முழுக்கத் தினமும் போடவேண்டும்.

போட்டேன், விரத நாட்கள் தவிர.

பிள்ளைக்காக நான் பிடிக்காத விரதம் இல்லை. வெள்ளி, சதுர்த்தி, கார்த்திகை, எல்லாவற்றுக்கும் மேலே கந்தசஷ்டி. "வாயிலை ஒண்டும் படக்கூடாது பிள்ளை. ஒரு நாள் குளிசையை விட்டா என்ன வரப்போகுது?" என்றார் மாமி, என் கணவரின் தாய். மற்ற நாட்களில் பால் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஆறு மாதம் கழித்துச் சோதித்தால் நிலைமை இன்னும் மோசம். புதிதாக வந்திருந்த பெண் டொக்டர் கேட்டார்:

"ஒழுங்காப் போடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர். விரதத்துக்கு மட்டும் விடுறனான்."

அவர் மேசையிலிருந்த கலண்டரை என் பக்கம் திருப்பினார். "எந்தெந்த நாள் எண்டு காட்டுங்கோ."

காட்டக் காட்ட நாட்கள் முடியவேயில்லை. அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இது வெறுவயித்திலை, பச்சைத்தண்ணியோடை போடுற குளிசை. பிறகு அரை மணித்தியாலம் தேத்தண்ணியும் கூடாது. விரதகாரருக்கு இதைவிடத் தோதான மருந்து இல்லை. பிள்ளைக்கெண்டு விரதம் இருந்து, பிள்ளை தங்கிறதுக்கு வேண்டிய மருந்தையெல்லோ விட்டிருக்கிறியள்!"

வீடு வரும்வரை எனக்குக் கோபம் தணியவில்லை. குளிசை உறையில் 'காலை ஒன்று' என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். எதனோடு, எப்படி என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. பிள்ளை என் கணவருக்கும்தானே? அவர் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பட்டினி கிடந்ததில்லை. கரு கலைந்ததற்கு இந்த நோய்தான் காரணமென்று டொக்டராலேயே அடித்துச் சொல்ல முடியாதாம். சரி. என் சோம்பல்தான் காரணமென்று மட்டும் எல்லாரும் அடித்துச் சொன்னார்களே!

உங்கள் குளிசை உறையிலும் 'காலை ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால், எப்படிப் போடுவதென்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இம்முறை கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள், மாமி பார்த்துக்கொண்டிருக்கவே குளிசையை விழுங்கினேன்.

"ஐயோ, விரதம் முறிஞ்சு போச்சே!"

"முறிஞ்சா முறியட்டும் மாமி. முருகனுக்கு நான் விளக்கம் சொல்லுறன்."

இப்போது இரத்தச் சோதனை சரியாக வருகிறது. பிள்ளைக்கு முயற்சிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறோம். குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலுள்ள அந்த அரை மணித்தியாலம் கதிரையில் சாய்ந்து சும்மா இருப்பேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். சமையலுக்குக் குசினியிலிருந்து கூப்பிடுவார்கள். முன்பு எழும்ப நினைப்பேன், உடம்பு எழும்பாது. இப்போது உடம்பு தயார். நான்தான் எழும்புவதில்லை.